புரொடக்‌ஷனுக்கு மஞ்சள்

எழுந்தேன். பல் தேய்த்தேன். தண்ணீர் கொதிக்க வைத்தேன். இரண்டு கோப்பை காபி கலந்து, ஒன்றின் மேல் தட்டைக் கவிழ்த்து மேசையில் வைத்தேன். ரொட்டியை வாட்டினேன். கருகியது. கருகிய பக்கத்தைக் கத்தியால் சுரண்டினேன். குளித்தேன். சட்டை போட்டேன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவனுக்குச் சட்டை எதற்கு என்று கேட்டால், வீட்டில் மாமியார் இருக்கிறார்.

அத்தை வந்து உட்கார்ந்தார். தட்டை எடுத்தார். ரொட்டியைப் பார்த்தார்.

“இன்னிக்கு நேத்து அளவுக்குக் கருகல.”

“முன்னேற்றம் அத்தை.”

“ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாம்னு இருக்கேன் மாப்பிள்ளை.”

“எங்க?”

“எங்க வீட்டுக்கு. பூட்டியே கெடக்கு. குழாய் எல்லாம் துருப் பிடிச்சிருக்கும்.”

“சரி அத்தை” என்றேன். ரொட்டியைக் கடித்தேன். குழாய்க்காக ஒருவர் வீடு மாறுவது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதாவது, அப்படிப் பட்டதுபோல மென்றேன்.

அத்தை ஏன் இங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி இறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், யார் எதைக் கேட்டாலும் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தண்ணி வேணுமா, ஆட்டினேன். டாக்டர் வந்து பேசினாரா, ஆட்டினேன். அவர் வந்திருக்கவே இல்லை. அத்தையின் தங்கை, எங்களுக்குச் சித்தி, என் தோளைப் பிடித்து உலுக்கி, “கடைசியா என்னப்பா சொன்னா? அம்மாவைப் பாத்துக்கோங்கன்னு சொன்னாளா?” என்று கேட்டார். அதற்கும் ஆட்டினேன்.

சித்திக்கு அது போதும். சாயங்காலத்துக்குள் உறவு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘அம்மாவைப் பாத்துக்கோங்க, அவங்களுக்கு யாரும் இல்ல, நான் நிம்மதியா போறேன்.’ நிம்மதி மறுநாள் சேர்க்கப்பட்டது. ஆளாளுக்குக் கை வைத்தால் எந்தக் கணினி நிரலும் இப்படித்தான் வளரும்.

அந்த வாக்கியத்தின் பேரில்தான் அத்தை பெட்டியோடு வந்தார். மகளின் கடைசி ஆசையை நான் நிறைவேற்றுகிறேனாம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளையா என்றார்கள். நான் அதற்கும் தலையாட்டினேன்.

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அத்தையிடம் இதைச் சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கூப்பிடாத இடத்தில் நாற்காலி நுனியில்கூட உட்கார மாட்டார். அவர் போனால் காபி ஒரு கோப்பை போதும். ரொட்டி கருகினால் சுரண்ட வேண்டியதில்லை. சட்டையும் மிச்சம். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது பார்த்தால், திறக்காமலேயே கிளம்புகிறார்.

மேலாளர் போன் செய்தார். இப்போதெல்லாம் என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். தூங்கும் குழந்தையின் அறையில் நடப்பவரைப் போல.

“மனசு எப்படி இருக்கு?”

“இருக்கு சார்.”

“புது லேப்டாப் வந்துச்சா?”

“வந்துருச்சு.”

“ஒண்ணும் அவசரமில்ல. டெஸ்ட் சர்வர்ல இருக்கிற பழைய பார்சல் எல்லாத்தையும் அழிச்சிடணும். லேசான வேலைதான். உங்களுக்காகவே எடுத்து வச்சேன். மெதுவா பண்ணுங்க.”

“சரி சார்.”

“மதியத்துக்குள்ள போதும்.”

எங்கள் நிறுவனம் பார்சல்கள் எங்கே போகின்றன என்று காட்டும் மென்பொருள் செய்கிறது. எங்களிடம் இரண்டு சர்வர்கள். புரொடக்‌ஷன் என்பதில் நிஜ மனிதர்கள் நிஜமாகக் காத்திருக்கும் நிஜப் பார்சல்கள் இருக்கும். டெஸ்ட் என்பதில் நாங்களே கற்பனை செய்த பார்சல்கள். டெஸ்டில் எதை அழித்தாலும் யாரும் அழமாட்டார்கள். புரொடக்‌ஷனில் அழித்தால், முதலில் வாடிக்கையாளர் அழுவார், பிறகு மேலாளர், பிறகு நான். இரண்டு சர்வர்களின் பெயரிலும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அப்படிப் பெயர் வைத்தவர் இப்போது துணைத் தலைவர்.

அதனால் எல்லோரும் நிறத்தை நம்பித்தான் பிழைக்கிறோம். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு சின்னப் பட்டை வரும். நீ யார், எந்த சர்வரில் நிற்கிறாய் என்று அது சொல்லும். ப்ராம்ப்ட் என்பார்கள். அதற்கு ஒரு தீம், அதாவது நிற அமைப்பு, உண்டு. அலுவலகத்தின் தீமில் புரொடக்‌ஷனுக்குச் சிவப்பு, டெஸ்ட்டுக்குப் பச்சை. உலகத்துக்கே புரியும் ஏற்பாடு. என்னைத் தவிர.

எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒரே சேறு. இது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். அதே அலுவலகத்தில் டெஸ்டராக இருந்தாள். குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. அலுவலகத்தில் அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், வீட்டில் இலவசமாகச் செய்தாள். அந்தத் தீமில் உள்ள நிறங்களை எனக்குத் தெரியும் நிறங்களாகப் பார்த்து மாற்றி எழுதியதும் அவள்தான்.

அந்தத் தீம் கோப்பைப் பழைய லேப்டாப்பிலிருந்து புதியதற்கு நகல் எடுத்தேன். திரையைத் திறந்தேன். இரண்டு ஜன்னல்கள் போட்டேன், ஒன்றில் புரொடக்‌ஷன், ஒன்றில் டெஸ்ட். புரொடக்‌ஷனைத் திறந்தது சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டிலும் பட்டை வந்தது. இரண்டும் சேறு.

புதிய லேப்டாப்பில் திரை கொஞ்சம் மங்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த மாதிரி நினைத்துக்கொள்வதில் நான் இப்போது கைதேர்ந்தவன். வலது பக்கம் இருப்பது டெஸ்ட். நான்தானே திறந்தேன். அழிக்கும் கட்டளையை அடித்தேன். எல்லாப் பார்சலையும் அழி, கேள்வி கேட்காதே என்று அதற்கு அர்த்தம். எண்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

அத்தை காலிக் கோப்பையை எடுக்க வந்தார். என் முதுகுக்குப் பின்னால் நின்றார். முப்பது வருடம் மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றவர். அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

“ஏன் மாப்பிள்ளை, ஒண்ணு சிவப்பா இருக்கு, ஒண்ணு பச்சையா இருக்கு?”

என் விரல் அப்படியே நின்றது.

“எது சிவப்பு?”

“என்ன கேள்வி இது? நீங்க டைப் அடிச்சிட்டு இருக்கீங்களே, அதுதான்.”

நான் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். வலது பக்கம் டெஸ்ட் இல்லை. வலது பக்கம், எங்கெங்கோ வாசல் மணிக்குக் காத்திருந்த அத்தனை பேரின் பார்சல்.

“என்ன ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?”

“ஒண்ணுமில்ல அத்தை. நீங்க இப்ப வரலைன்னா எனக்கு வேலை போயிருக்கும்.”

“நான் கோப்பை எடுக்கத்தான் வந்தேன்.”

“அதுவே போதும்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்களுக்கு அது சிவப்புன்னு தெரியலையா?”

“தெரியாது.”

“கண்ணாடி போடணுமா?”

“கண்ணாடி போட்டாலும் தெரியாது அத்தை. பொறந்ததுலேர்ந்தே. சிவப்பு, பச்சை ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்.”

அத்தை என்னை ஏறிட்டுப் பார்த்தார். பரீட்சை அறையில் துண்டுக் காகிதம் பிடிபட்டது போன்ற பார்வை.

“கல்யாணத்துக்கு முன்னாடி இதைச் சொல்லவே இல்லையே.”

“அவ சொல்ல வேணாம்னா.”

“அவ சொல்ல வேணாம்னாளா! ஒரு குறையும் இல்லாத பையன், நானே அலசிப் பாத்துட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணினா. அதுக்குத்தான் நானும் சித்தியும் ஒத்துக்கிட்டோம்.”

“இப்ப வேணா திருப்பிக் கொடுத்திடுங்க.”

“காலம் கடந்துபோச்சு” என்றார். உதடு லேசாக இழுத்தது. சிரிப்பாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. “அதான் அந்தச் சட்டையா? எங்க வீட்டுக்கு முதல் தடவ வந்தப்போ, கிளிப்பச்சையில ஒரு சட்டை.”

“அது காக்கின்னு நெனச்சேன்.”

“கடவுளே. நாங்க எல்லாம் மாடர்ன் பையன்னு நெனச்சோம்.”

எனக்கும் ஏதோ இழுத்தது. திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அப்ப இத்தனை நாள் எப்படி வேலை பாத்தீங்க?”

“முன்னாடி அவளைக் கேட்டுக்குவேன். அப்புறம் பழைய லேப்டாப்புல வேற கலர். எனக்குத் தெரியிற கலர். இதுல அது வரமாட்டேங்குது. இருங்க, ஏன்னு பாக்கறேன்.”

பார்த்தேன். காரணம் அற்பமானது. தீம் முதலில் திரையிடம் ஒரு கேள்வி கேட்கும்: உன்னால் எத்தனை நிறம் காட்ட முடியும்? திரை தன் வகைப் பெயரைச் சொல்லும். அதை வைத்துத் தீம் முடிவு செய்யும். என் பழைய லேப்டாப் இருநூற்றைம்பத்தாறு என்று சொன்னது. புதியது, போன மாதம் செய்யப்பட்டது, கோடிக்கணக்கில் நிறம் காட்டக்கூடியது, பெயரைப் பாதியில் விழுங்கிவிட்டு எட்டு என்று சொன்னது. இவ்வளவு தன்னடக்கமான இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. துணைத் தலைவருக்கு அனுப்பி வைக்கலாம்.

எட்டுதான் என்றதும், தீம் என் மனைவி எழுதிய பகுதியை எட்டிக்கூடப் பார்க்காமல், எட்டு நிறத்துக்கான பழைய பகுதிக்குப் போய்விட்டது. அங்கே அலுவலகத்தின் சிவப்பும் பச்சையும் அப்படியே இருந்தன. அந்த வரிகளை அவள் தொடவே இல்லை. ஊரில் உள்ளவன் நிரலில் எல்லாம் ஓட்டை கண்டுபிடித்தவள், தன் நிரலில் எட்டு நிறம் வந்தால் என்ன ஆகும் என்று சோதிக்கவில்லை. இதைச் சொல்ல அவள் இல்லாமல் போனது எனக்குப் பெரிய நஷ்டம். இதை வைத்தே அவளை ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

திரையின் பெயரை முழுதாகச் சொல்லும்படி ஒரு வரி எழுதினேன். சேமித்தேன். சரியாக வந்ததா என்று பார்க்க, எல்லா நிறங்களையும் கட்டம் கட்டமாகக் காட்டும் ஒரு சின்ன நிரலை ஓட்டினேன். திரை முழுக்க நிரம்பியது. எனக்கு அதில் பாதி சேறு.

“அத்தை, இந்தக் கட்டமெல்லாம் வேற வேற கலரா இருக்கா?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார்.

“இருக்கே. இது அரக்கு. இது மாந்தளிர். இது கத்திரிப்பூ. இது வெங்காயத் தோல். இது என்னது... பழுக்காத எலுமிச்சை.”

“இங்க நூத்தி அறுபதுன்னு போட்டிருக்கு. அது?”

“ரத்தச் சிவப்பு.”

“இருபத்தெட்டு?”

“பாசி. படிக்கட்டு ஓரத்துல இருக்குமே, அது. உங்களுக்கு இது எப்படித் தெரியுது?”

“நூத்தி அறுபது மாதிரியே.”

“பாவம்தான் நீங்க” என்றார். கணவனை இழந்த பெண்ணுக்கும் மகளை இழந்த தாய்க்கும் ஊர் சொல்லும் சொல் அது; அதைச் சொல்லி வந்தவர்களுக்கு இவர் தன் வீட்டுக் கதவையே சாத்தியிருக்கிறார். என்னிடம் பாசிக்காகச் சொன்னார். ஏற்றுக்கொண்டேன். இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த ஆறுதல்களில் இதற்குத்தான் உருப்படியான காரணம் இருந்தது.

இரண்டு ஜன்னல்களையும் மூடித் திரும்பத் திறந்தேன். பட்டைகள் வந்தன. ஒன்று அடர்ந்த மஞ்சள். ஒன்று நீலம். மஞ்சள் புரொடக்‌ஷன், நீலம் டெஸ்ட். எனக்கே தெரிந்தது. இரவில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

நீலத்தில் அழிக்கும் கட்டளையை அடித்தேன். அத்தையைப் பார்த்தேன்.

“நீலந்தானே?”

“நீலம்தான். தட்டுங்க.”

தட்டினேன். கற்பனைப் பார்சல்கள் எல்லாம் போயின. யாரும் அழவில்லை. மேலாளருக்கு ‘முடிந்தது’ என்று அனுப்பினேன். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது.

அத்தை எழுந்திருக்கவில்லை. மஞ்சள் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா பளிச்சுனு இருக்கு. யாரு வச்சது?”

“அவதான்.”

“எப்ப?”

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். “அன்னிக்குக் காலையில.”

சமையலறையில் குளிர்சாதனப் பெட்டி உறுமி நின்றது. அத்தை கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“அன்னிக்குக் காலையில இத பண்ணிட்டு இருந்தாளா?”

“ஆமா. என்னைப் பக்கத்துல உக்கார வச்சு, ஒவ்வொரு கலரா மாத்தி, இது தெரியுதா, இது தெரியுதான்னு. முடிச்சிட்டு எந்திரிச்சுப் போனா. தலைய வாரப் போனா. அப்பதான் சத்தம் கேட்டுச்சு.”

“விழுந்த பிறகு பேசினாளா?”

“இல்ல.”

“ஆஸ்பத்திரியில?”

“கண்ணே தெறக்கல.”

“அப்ப அம்மாவைப் பாத்துக்கோங்கன்னு எப்பச் சொன்னா?”

இதற்கு எப்படியும் தலையாட்ட முடியாது. நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

“சொல்லல அத்தை.”

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ரொம்ப நாள் இறுக்கமான செருப்புப் போட்டிருந்தவர் கழற்றிய மாதிரி ஒரு மூச்சு விட்டார்.

“எனக்குத் தெரியும். அவளாவது, என்னைப் பாத்துக்கோன்னு சொல்றதாவது. நான் என்ன தொட்டிச் செடியா? அப்படி ஒரு வார்த்தை அவ வாயில வந்திருந்தா அவளுக்கு ஜுரம்னு அர்த்தம். சித்தி சொன்ன அன்னிலேர்ந்தே எனக்கு ஒட்டல.”

“தெரிஞ்சும் ஏன் வந்தீங்க?”

“நீங்க தலையாட்டினீங்களாமே. நெஜமாத்தான் சொல்லிட்டாளோன்னு ஒரு பக்கம் சந்தேகம். சொல்லிட்டு என்னை இங்க ஒப்படைச்சுட்டாளோன்னு. தினம் காபியை மூடி வச்சுக் கொடுக்கறீங்க. ஒப்படைச்ச பொருள் மாதிரி இருந்துச்சு எனக்கு. அதான் கிளம்பறேன்னேன்.”

“குழாய் துருப் பிடிச்சிருக்கும்னீங்க.”

“குழாய்க்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கு.”

எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

“காபியை மூடி வைக்கிறது ஆறிடும்னுதான் அத்தை. நீங்க எந்திரிக்க லேட் பண்றீங்க.”

“அதை முதல்லயே சொல்லியிருக்கலாம். ஒரு வீட்டுல ரெண்டு பேரு இத்தனை நாளா மரியாதையாவே செத்துட்டு இருக்கோம்.” சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிறகு, தன் தலைமையாசிரியை அறையில் கேட்பது போன்ற குரலில் கேட்டார். “நெஜமா என்ன சொன்னா?”

“வேணாம் அத்தை. சித்தி சொன்னதே நல்லா இருக்கு.”

“சித்தி சொன்னது சித்தியோடது. என் பொண்ணோடது எனக்கு வேணும்.”

“நல்ல வார்த்தை இல்ல.”

“அவ நல்ல வார்த்தை பேசி நான் எப்பக் கேட்டேன்? உங்களை வீட்டுல டேய்னு கூப்பிடுவான்னும் தெரியும். எனக்கு முன்னாடி என்னங்க, வாங்கன்னு நடிப்பா. போனை வைக்க மறந்துடுவா. எல்லாம் கேக்கும்.”

“கேக்குமா?”

“எருமைன்னும் கேட்டிருக்கேன். பேச்சை மாத்தாதீங்க மாப்பிள்ளை.”

மஞ்சள் பட்டையின் முனையில் கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதற்கு வேறு வேலை இல்லை.

“சொன்னா இருப்பீங்களா?” என்று கேட்டேன். என் குரல் மேலாளரின் குரல் போலத் தாழ்ந்து வந்தது. எனக்கே பிடிக்கவில்லை.

“முதல்ல சொல்லுங்க. கேட்டுட்டு யோசிக்கறேன்.”

சொன்னேன். மடிக்கணினியை என் மடியில் தள்ளிவிட்டு, சீப்பைத் தேடிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் சொன்னதை, அவள் சொன்ன மாதிரியே, ஓர் எழுத்து சேர்க்காமல் சொன்னேன்.

“டேய், புரொடக்‌ஷனுக்கு மஞ்சள் வச்சிருக்கேன். இனிமே அதுல எதையாவது அழிச்சிட்டு கலர் தெரியலன்னு கதை விட்டே, கொன்னுடுவேன்.”